கேட்பவரும் கேட்கப்படுபவரும்

தமிழில் ‘கேட்டல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வினாவுதலும் கேட்டலே, செவிகொடுத்தலும் கேட்டலே. அறியாதவன் வாய் திறந்து செய்யும் செயலையும் அறிந்தவன் செவி திறந்து செய்யும் செயலையும் ஒரே சொல்லால் குறித்தனர் முன்னோர். திருவள்ளுவர் ‘கேள்வி’ என ஓர் அதிகாரமே வகுத்து, செவியால் அடையும் செல்வத்தைச் செல்வங்களுள் முதன்மையாக வைத்துப் போற்றினார். மாணாக்கன் ஆசிரியரை எவ்வாறு அணுக வேண்டும், எவ்வாறு பணிந்து கேட்க வேண்டும் என்பதைப் பவணந்தியார் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் விரித்துரைத்தார். வினாவுவோனின் கடமைகள் இவ்வாறு பலபடக் கூறப்பட்டுள்ளன. வினவப்படுவோனின் கடமை யாது? தன்னிடம் ஒருவர் அறிவை நாடி வரும்போது, அறிவின் இருப்பிடத்தை அறிந்தவர் அவருக்கு எதனைத் தரக் கடமைப்பட்டவர்? எதனைத் தர மறுக்கலாம்? வந்தவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று ஆராய அவருக்கு உரிமை உண்டா?

இவ்வினாக்களை ஏட்டளவில் அன்றி நாள்தோறும் தொழிலாகவே எதிர்கொள்பவர் ஒருவர் உளர். அவரே கல்லூரி நூலகத்தில் அமர்ந்திருக்கும் குறிப்புதவி நூலகர். நூல்களை வாங்குவோர், வகைப்படுத்துவோர், இரவல் கொடுப்போர் என நூலகத்தில் பலர் பணியாற்றுவர். “எனக்கு இது தெரிய வேண்டும், எங்கே தேடுவது?” என்று வருபவருக்கு வழிகாட்டுவதற்கென்றே இருப்பவர் குறிப்புதவி நூலகர். அகராதி, கலைக்களஞ்சியம், நூற்பட்டியல், பருவ இதழ்களின் அடைவு, இன்று கணினித் தரவுத்தளங்கள் ஆகியன அவருடைய கருவிகள். அவர் பணி சிறியதாகத் தோன்றும். எனினும் அறிவு பற்றிய அறநெறி முழுவதும் அந்த ஒரு மேசையின் இருபுறத்திலும் அடங்கியுள்ளது.

பெருநிலத்தில் ஒரு நூலகம்

பினாங்கு மாநிலத்திற்கும் நூலகத்திற்கும் உள்ள உறவு பழையது. பினாங்கு இலவசப் பள்ளி 1816ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டாகிய 1817இல் பினாங்கு நூலகம் தோன்றியது. பள்ளியும் நூலகமும் ஓராண்டு இடைவெளியில் பிறந்தமை கருதத்தக்கது. கற்பிக்கும் இடம் ஒன்று அமைந்தால், கற்றதைத் தாமே தேடிச் சரிபார்க்கும் இடமும் அதன் அருகே அமைய வேண்டும் என்பதை அவ்வாண்டுகள் தம்மை அறியாமலே உணர்த்தி நிற்கின்றன.

அந்நாளில் நூலும் பள்ளியும் தீவில் இருந்தன. உழைப்போ கடலுக்கு இப்பாலும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். கரும்புக்குப் பின் ரப்பர் வந்தது. ஒப்பந்த முறைக்குப் பின் கங்காணி முறை வந்தது. இன்று அதே பெருநிலத்தில், 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் பிறை முனையை அடுத்து, செபராங் ஜெயா நகரம் வளர்ந்து நிற்கிறது. மாநிலப் பொது நூலகக் கழகத்தின் தலைமை நூலகமும் அங்கேயே அமைந்துள்ளது. அதனைச் சுற்றியுள்ள பெர்மாத்தாங் பாவ், புக்கிட் மெர்தாஜாம் வட்டாரங்களில் உயர்கல்வி நிலையங்களும் ஆசிரியர் பயிற்சி நிலையமும் இயங்குகின்றன. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் பேரன் பேத்தியர் இன்று அக்கல்விக் கூடங்களின் நூலகங்களில் ஏறி வருகின்றனர்.

இவ்வரலாறு நூலகரின் அறத்தோடு நேரடித் தொடர்புடையது. தோட்ட வாழ்வில் வினாக்கள் மேலிருந்து கீழே வந்தன. கங்காணி கேட்டார்; கிராணி கேட்டார்; துரை கேட்டார். கூலி விடை சொன்னான். அவன் திருப்பிக் கேட்டால் அது வாய்த்துடுக்கு எனப்பட்டது. தோட்டம் விட்டு நகருக்கு வந்த பின்னும், எந்த அலுவலக முகப்பில் நின்றாலும் முதலில் எழும் வினாக்கள் இரண்டே: “நீ யார்? எதற்காக வந்தாய்?” அடையாள அட்டையை நீட்டிய பின்னரே பேச்சுத் தொடங்கும். இவ்விரு வினாக்களும் எழாத முகப்பு ஒன்று உலகில் இருக்க முடியுமானால், அது நூலகத்தின் குறிப்புதவி மேசையே ஆகும். அங்கே வந்து நிற்பவர் யாராக இருப்பினும் அவரே வினாவுவோர். மேசைக்குப் பின்னால் இருப்பவர் செவிகொடுப்போர். தலைமுறை தலைமுறையாக விடை சொல்லியே பழகிய ஒரு சமூகத்திற்கு இந்த இடமாற்றம் எளிய செய்தி அன்று.

வாசகருக்காகவே நூல்

நூலகப் பணியை அறத்தின் அடிப்படையில் வகுத்துரைத்தவர்களுள் தலைசிறந்தவர் ஒரு தமிழர். 1892இல் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் முதலில் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை என்பதில் தொடங்கி, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் காலத்தைக் காத்தல் என விரிந்து, நூலகம் வளரும் உயிர் என்னும் கருத்தில் அவ்விதிகள் நிறைவு பெறுகின்றன.

இவ்விதிகளில் ‘ஒவ்வொருவருக்கும்’ என்னும் சொல்லே உயிர்நாடி. கற்றோருக்கு, தகுதியுடையோருக்கு, நன்னோக்கம் உடையோருக்கு என்று அவர் பிரித்துக் கூறவில்லை. நூலைப் பூட்டிக் காப்பதே நூலகர் கடமை என்று எண்ணிய காலத்தில், வாசகரும் நூலும் சந்திக்கும்படி செய்வதே கடமை என்று அவர் நிறுவினார். அச்சந்திப்பை நிகழ்த்துபவர் குறிப்புதவி நூலகர். அமெரிக்காவின் வூஸ்டர் நகர நூலகராக இருந்த சாமுவேல் கிரீன் 1876இல், நூலகர் வாசகரோடு நேரில் பழகி உதவ வேண்டும் என எழுதிய கட்டுரையே இப்பணியின் தொடக்கம் என்பர். கிரீன் விதைத்ததை அரங்கநாதன் ஒரு துறையாக வளர்த்தார்.

வினா ஆறு, விடை எட்டு

குறிப்புதவி மேசையின் இயல்பை விளங்கிக்கொள்ளத் தமிழ் மாணவர் வேற்று நூல்களைத் தேட வேண்டியதில்லை. நன்னூலின் பொதுவியல் போதும். வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகவும், விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாகவும் பவணந்தியார் வகுத்தார். தேர்வுக்காக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறக்கப்படும் இப்பகுப்பு, வினாவுக்குப் பின்னால் உள்ள மனநிலையையே வகைப்படுத்துகிறது என்பதை உணர்வோர் சிலரே.

கல்லூரி மாணவர் ஒருவர் மேசைக்கு வந்து, “மலாயாவில் தமிழ்க் கல்வி எந்த ஆண்டில் தொடங்கியது?” எனக் கேட்பதாகக் கொள்வோம். தோற்றத்தில் இஃது அறியாவினா. ஆயினும் இவ்வினா மாணவரிடத்தில் பிறந்ததன்று. விரிவுரையாளர் தாம் அறிந்திருந்தும், மாணவர் அறிய வேண்டும் என்னும் நோக்கில் இடுபணியாகத் தந்த அறிவினா அது. ஆசிரியரின் அறிவினா மாணவரின் நாவில் அறியாவினாவாக மாறி நூலகரை வந்தடைகிறது. இம்மாற்றத்தை உணராத நூலகர், “1816” என ஒரு சொல்லில் விடை தந்து மாணவரை அனுப்பிவிடுவார். விரைவாக உதவியதாக இருவரும் மகிழ்வர். ஆனால் ஆசிரியர் எந்தப் பயனைக் கருதி அவ்வினாவை விடுத்தாரோ, அப்பயன் அழிந்துபோகும்.

உணர்ந்த நூலகர் ‘வினாதல்’ என்னும் விடை வகையைக் கையாள்வார். “தமிழ் வகுப்பு தொடங்கிய ஆண்டு வேண்டுமா, தனித் தமிழ்ப் பள்ளி தொடங்கிய ஆண்டு வேண்டுமா?” என அவர் திருப்பிக் கேட்கும்போது, மாணவர் ஒரு கணம் திகைப்பார். அத்திகைப்பே கல்வியின் வாயில். 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியை ஒட்டித் தமிழ் வகுப்பு தொடங்கியதைக் கணக்கில் கொண்டே 2016இல் இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டது. வகுப்பு வேறு, பள்ளி வேறு. தொடங்கியது வேறு, தொடர்ந்து நிலைத்தது வேறு. இவ்வேறுபாடுகளை எடுத்துக்காட்டும் நூல்களை மாணவர் முன் வைத்து, “படித்துப் பார்த்து முடிவு செய்க” என்று விடுவது ஏவல் விடை. இவ்வாறு ஒரே உரையாடலில் நன்னூலின் விடை வகைகள் பல வந்துபோகின்றன.

இவ்விடத்தில் மறுப்பு ஒன்று எழலாம். “கேட்டதைக் கொடுக்காமல் சுற்றி வளைப்பது உதவியா? பேருந்துக்கு நேரமாகிறது, அம்மாணவர் பகுதிநேர வேலைக்கும் செல்ல வேண்டும். வாசகரின் காலத்தைக் காக்க வேண்டும் என்பது அரங்கநாதன் விதி அல்லவா?” என வினவலாம். மறுப்பில் நியாயம் உண்டு. மருந்தின் அளவை அறிய வரும் செவிலியர் மாணவரிடம் தேடும் கலையை விரித்துரைப்பது மடமை. எது தேடிக் கற்க வேண்டிய வினா, எது உடனே தீர்க்க வேண்டிய வினா எனப் பகுத்தறிவதே நூலகரின் திறன். கற்பிக்கும் ஆர்வத்தால் கேட்டவரை அலைக்கழிப்பதும் பிழை. இரக்கத்தால் அவர் கற்கும் வாய்ப்பைப் பறிப்பதும் பிழை.

தயங்காமல் தருவதா?

இதுவரை கூறியவை எளிய பகுதி. கடினமான வினா இனியே வருகிறது. கேட்பவரின் நோக்கம் தீயதாக இருக்கக்கூடும் என ஐயம் எழுந்தால் நூலகர் யாது செய்ய வேண்டும்?

அமெரிக்காவில் நூலகவியல் மாணவராக இருந்த ராபர்ட் ஹாப்ட்மன் என்பவர் 1970களின் நடுவில் ஒரு சோதனை செய்தார். 13 நூலகங்களுக்குச் சென்று, புறநகர் வீடு ஒன்றைத் தகர்க்கும் ஆற்றலுள்ள வெடிகுண்டைச் செய்வதற்குரிய தகவல் வேண்டும் எனக் குறிப்புதவி நூலகர்களிடம் கேட்டார். அறத்தைக் காரணமாகக் காட்டி எவரும் மறுக்கவில்லை. 1976இல் அவர் இதனை வெளியிட்டபோது நூலகர் உலகம் அதிர்ந்தது. தொழில்நெறி என்னும் பெயரால் இவர்கள் சமுதாயப் பொறுப்பைக் கைவிட்டனர் என்பது அவர் குற்றச்சாட்டு.

அதற்கு எதிர்முனையில் நின்றவர் பிரிட்டன் நாட்டு நூலகர் ஃபாஸ்கெட். பணியில் இருக்கும் நூலகருக்கு அரசியல் இல்லை, சமயம் இல்லை, தம் சொந்த ஒழுக்கக் கொள்கையைப் பிறர்மீது ஏற்றும் உரிமையும் இல்லை என்பது 1962இல் அவர் முன்வைத்த கருத்து. நூலகர் தம்மை மறைத்துக்கொண்டு வாசகரின் கண்ணால் காண வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்க நூலகச் சங்கம் 1930களின் இறுதியிலேயே, வாசகரோடு பழகுவதால் அறியும் தனிச்செய்திகளை வெளியிடலாகாது எனத் தன் நெறிமுறையில் வகுத்திருந்தது.

இரு தரப்பிலும் பாதி உண்மை உண்டு. ஃபாஸ்கெட் வழியே இறுதிவரை சென்றால், நூலகர் வினாவைப் போட்டால் விடையைத் தள்ளும் பொறியாகிவிடுவார். ஹாப்ட்மன் வழியே இறுதிவரை சென்றால், ஒவ்வொரு நூலகரும் ஒவ்வொரு வாசகருக்கும் நீதிபதியாகிவிடுவார். இரண்டாவது நிலையின் ஆபத்தே நாள்தோறும் நிகழக்கூடியது. வெடிகுண்டு கேட்டு வருபவர் ஒரு நூலகரின் வாழ்நாளில் ஒருவர் வருவதும் அரிது. ஆனால் மணவிலக்குச் சட்டம் பற்றிக் கேட்கும் பெண்மணி, வேறு சமயத்தின் திருநூலைக் கேட்கும் இளைஞர், முதலாளி தராத சம்பளத்தைப் பெறத் தொழிற்சட்டத்தைத் தேடும் தொழிலாளி, வெளியில் சொல்ல நாணும் நோயைப் பற்றிப் படிக்க விரும்பும் மாணவர் ஆகியோர் நாள்தோறும் வருகின்றனர். ஊர் சிறிது, நூலகருக்கு வாசகரின் தந்தையைத் தெரியும், கோயில் விழாவில் சந்திப்பர். “இஃது உனக்கு எதற்கம்மா?” என்னும் ஒரு வினா போதும். அது பரிவோடு கேட்கப்பட்டாலும் அப்பெண்மணி மீண்டும் அந்த மேசைக்கு வரமாட்டார். மூடிய நூலகம் ஊராருக்குத் தெரியும். இவ்வாறு ஒருவருக்கு மட்டும் மூடப்பட்ட நூலகம் எவருக்கும் தெரியாது.

கபிலரின் அறிவுரை

ஈண்டுச் சங்கப் புலவரின் கருத்தொன்று துணைக்கு வருகிறது. மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய கபிலர், அளவின்றிக் கொடுத்தல் எளிது, வருவோரின் வரிசை அறிந்து கொடுத்தலே அரிது எனக் கூறி, புலவரிடத்துப் பொதுநோக்கைக் கைவிடுமாறு அவ்வள்ளலுக்கு உரைத்தார். இப்பாடல் புறநானூற்றில் 121ஆம் பாடலாக உள்ளது. எல்லாரையும் ஒன்றாக நோக்கி வாரி வழங்குவது கொடையின் முதிர்ந்த நிலை ஆகாது என்பது கபிலர் கருத்து.

இக்கருத்தை நூலகத்தில் பொருத்தினால், வருவோரின் தரத்தை அளந்தே அறிவை வழங்க வேண்டும் என்று ஆகிவிடாதா? அவ்வாறு பொருத்துவது தவறு. கபிலர் காலத்துக் கொடை மன்னனின் சொந்தச் செல்வம்; யாருக்கு எவ்வளவு என முடிவு செய்யும் உரிமை அவனுக்கு இருந்தது. நூலகத்தின் அறிவோ நூலகரின் சொத்தன்று. அது மக்களின் வரிப்பணத்தாலும் மாணவரின் கட்டணத்தாலும் அமைந்த பொதுச்செல்வம். நூலகர் அதன் காவலரும் வழிகாட்டியுமே ஆவார். ஆதலின் ஆளின் வரிசையை அறிய அவருக்கு உரிமை இல்லை. ஆனால் வினாவின் வரிசையை அறியும் கடமை அவருக்கு உண்டு. இவ்வினா எவ்வளவு ஆழமுடையது, எந்நூல் இதற்குப் பொருந்தும், இதில் ஒளிந்துள்ள மற்றொரு வினா யாது, இதற்குத் தரும் விடையில் எவ்வெச்சரிக்கை சேர வேண்டும் என அவர் அளந்தறிய வேண்டும். ஆளிடத்துப் பொதுநோக்கு, வினாவிடத்துச் சிறப்புநோக்கு. குறிப்புதவி நூலகரின் அறத்தை இவ்வாறு சுருக்கிக் கூறலாம்.

இந்நெறி ஹாப்ட்மனின் வினாவுக்கும் வழி காட்டுகிறது. வேதியியல் மாணவர் வெடிபொருள்களின் இயல்பு பற்றிய பாடநூலைக் கேட்பதும், ஒருவர் இன்ன வீட்டைத் தகர்க்க வழி சொல்லுமாறு கேட்பதும் வெவ்வேறு வரிசையின. முன்னதில் அறிவு கேட்கப்படுகிறது. பின்னதில் செயலுக்குத் துணை கேட்கப்படுகிறது. வினாவே தீங்கை வாய்விட்டுச் சொல்லும்போது, நூலகர் மறுப்பதற்கு ஆளை ஆராய வேண்டிய தேவை இல்லை. வினாவைச் செவ்வனே கேட்டாலே போதும். அவ்வாறே, தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவரின் வினாவில் வெளிப்படுமானால், நூலை எடுத்துத் தருவதோடு கடமை முடிந்தது என இருப்பவர் நூலகரும் அல்லர், மனிதரும் அல்லர். அங்கே கேட்கப்படுவது நூல் அன்று, துணை. பொதுநோக்கு என்பது பாராமுகம் ஆகாது.

சட்டம் பற்றியும் ஒரு சொல். மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்கீழ்த் தடைசெய்யப்பட்ட நூலை நூலகர் வழங்க இயலாது. அவ்வாறு தடைப்பட்டது என உண்மையைக் கூறுவதே அவர் தரத்தக்க விடை. சட்டம் தடுக்காத நூலைத் தம் அச்சத்தாலோ வெறுப்பாலோ மறைத்துவிட்டு “இல்லை” என்று சொல்வது, பொதுச்செல்வத்தைத் திருடுவதற்கு ஒப்பாகும். திருடப்பட்டவர் அறியாத திருட்டு அது.

இல்லை என்னும் விடை

நூலகர் சொல்லும் விடைகளுள் மிகக் கடினமானது ‘இல்லை’ என்பது. தேடாமல் சொல்லும் ‘இல்லை’ சோம்பலின் மொழி. தேடித் தேடிக் காணாமல் சொல்லும் ‘இல்லை’ அறிவின் மொழி. ஒரு சமூகத்தின் நூல்கள் பட்டியலிடப்படாமலும் காக்கப்படாமலும் போகுமானால், இரண்டு ‘இல்லை’களும் ஒன்றாகத் தோன்றத் தொடங்கும்.

மலேசியத் தமிழர் இதனை நன்கு அறிவர். இந்நாட்டில் எழுந்த முதல் தமிழ் நாவல் எது என வினவினால், 1917இல் வெளிவந்த க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன்’ எனப் பாடநூல்கள் கூறும். நேர்மையான நூலகர் அவ்விடையோடு ஒரு குறிப்பையும் சேர்ப்பார்: கிடைத்தவற்றுள் அது முதலாவது என்பதே பொருள். கிடைக்காதவை பற்றி நூலகம் பேச முடியாது. கிடைத்தவற்றையேனும் தொகுத்து வைத்தோரின் உழைப்பினால்தான் அவ்வளவாவது பேச முடிகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1961 முதல் பணியாற்றிய தனிநாயக அடிகளார், கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடிய 1966ஆம் ஆண்டிலேயே, தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டிப் பட்டியல் ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியலை இராம. சுப்பையா தொகுக்க, 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. இவற்றை எவரும் முதல் பக்கத்திலிருந்து இறுதிவரை சுவைத்துப் படிப்பதில்லை. ஆயினும் ஆய்வு மாணவர் ஒருவருக்கு, “உண்டு, இன்ன ஆண்டில், இன்ன பெயரில்” என விடை சொல்ல முடிவது இத்தகைய பட்டியல்களால்தான்.

நூல் அழிந்தால் வினாவும் அழியும். அதற்கு யாழ்ப்பாணம் சான்று. 1933இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய சிறு முயற்சி, பொது நூலகமாக வளர்ந்து, கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வடிவமைப்பிலும் அரங்கநாதனின் ஆலோசனையிலும் உருப்பெற்று, 1959இல் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு அது தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார் என்பர். ஓர் ஊரின் நூலகரை ஒரே இரவில் ‘இல்லை’ என்ற ஒரு சொல்லுக்கு உரியவராக்கியது அத்தீ. கட்டடம் பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டது. படியில்லாச் சுவடிகள் மீளவில்லை.

தீ மட்டும் நூலை அழிப்பதில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் மலர், தமிழ்ப் பள்ளியின் ஆண்டிதழ், இளைஞர் மணிமன்றத்தின் கையெழுத்து ஏடு, தொழிற்சங்கத் துண்டறிக்கை ஆகியன வீடு மாறும்போது பழைய தாள் விலைக்குப் போகின்றன, கரையானுக்கும் போகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான பின், அங்கு வாழ்ந்தோர் பற்றிய வினாவுக்கு விடை இத்தகைய தாள்களில் மட்டுமே எஞ்சியிருக்கும். அவற்றைக் கேட்டு வாங்கி நூலகத்தில் சேர்ப்பதும் குறிப்புதவி நூலகரின் கடமையே. நாளை எழப்போகும் வினாவுக்கு இன்றே செவிகொடுத்தல் அது.

முகவரி உள்ள விடை

இக்காலத்தில் நூலகர் எதற்கு என வினவுவோர் உளர். கைப்பேசியில் கேட்டால் கணத்தில் விடை வருகிறது. செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் தமிழிலேயே பத்தி பத்தியாக விடை எழுதுகின்றன. அவை அடையாள அட்டை கேட்பதில்லை. ஏன் எனக் கேட்பதில்லை. அவ்வாறாயின் ஆளிடத்துப் பொதுநோக்கு என்னும் அறம் பொறிக்கே கைவந்துவிட்டது எனலாமா?

பொறி ‘ஏன்’ எனக் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் கேட்டவை அனைத்தையும் குறித்து வைக்கும் வசதி அதற்கு உண்டு. அக்குறிப்பு எவர் கைக்குச் செல்லும் என்பதைக் கேட்டவர் அறியார். பொறி விடை தருகிறது என்பதும் உண்மை. ஆனால் இல்லாத நூலுக்குப் பெயரும் ஆண்டும் படைத்து உறுதியான குரலில் கூறும் பிழையும் அதனிடம் காணப்படுகிறது. ‘இல்லை’ என்னும் விடையின் மதிப்பை அது இன்னும் முழுமையாகக் கற்கவில்லை. குறிப்புதவி நூலகர் தரும் விடையில் முகவரி உண்டு: இன்ன நூல், இன்ன பதிப்பு, இன்ன பக்கம். வாசகர் அவரை நம்ப வேண்டியதில்லை. அவர் காட்டிய இடத்திற்குச் சென்று தாமே கண்டுகொள்ளலாம். எவர் கூறினும் அப்பொருளின் உண்மையைத் தேர்ந்து காண்பதே அறிவு என்னும் வள்ளுவர் கருத்துக்கு இடம் தருவது முகவரி உள்ள விடை மட்டுமே. அறிந்தவரைச் சார்ந்தே என்றும் வாழச் செய்யும் விடை, கங்காணி முறையின் மற்றொரு வடிவம் ஆகும். தன்னைக் கடந்து செல்ல உதவும் விடையே உரிமை தருவது.

நல்லாசிரியருக்கு நன்னூல் நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கினை உவமை காட்டிற்று. அவற்றுள் நிறைகோல் குறிப்புதவி நூலகருக்குப் பெரிதும் பொருந்தும். தன்மேல் வைத்த பொருளின் எடையை ஐயமறக் காட்டுவது அது. வைத்தவர் யார் என நோக்கித் தாழ்வதும் உயர்வதும் அதற்கு இல்லை. ஆனால் எடை காட்டாது வாளா நிற்கும் கோலும் கோலன்று.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. மாணவரை நூலகத்திற்கு அனுப்புவோர், விடையைக் கொண்டுவா என அனுப்பாமல், விடை எங்கிருந்து வந்தது என்பதையும் கொண்டுவா என அனுப்புதல் வேண்டும். மதிப்பெண்ணில் ஒரு பங்கு அதற்கென ஒதுக்கப்படின், மாணவரின் கேட்கும் முறையே மாறும். மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. மேசையின் முன் தயங்கி நிற்கத் தேவையில்லை. கேட்பதனால் அறியாமை வெளிப்படும் என்னும் நாணம், கேட்க உரிமையற்றிருந்த காலத்தின் மிச்சம். அம்மிச்சத்தைக் களைவதற்கு ஒவ்வொரு மாணவரும் தம் வினாவோடு அந்த மேசைக்குச் சென்றாக வேண்டும். அங்கே இருப்பவரும் அவர் யார் என்று கேளாது, அவர் வினாவைக் கேட்டாக வேண்டும்.